மலேரியா மாத்திரை விளம்பரத்துக்குப் படம் வரைந்த சத்யஜித் ரே!

சத்யஜித் ரேன்னதும் உங்களுக்கு 'பதேர் பாஞ்சாலி' ஞாபகம் வரும். ஆனா, வங்காளத்துக் குழந்தைகளுக்கு அவர் கதை எழுதுறவர். துப்பறியும் ஃபெலுடா, விஞ்ஞானி ஷோங்கு ரெண்டு பேருமே அவர் படைப்புதான். இதுக்கெல்லாம் முன்னாடி அவர் பார்த்த வேலை? விளம்பரத்துக்குப் படம் வரைவது!

80 ரூபாய் சம்பளம்

1943-ல் கல்கத்தாவில் டி.ஜே.கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஜூனியர் விஷுவலைசராகச் சேர்ந்தார் ரே. மாதம் 80 ரூபாய். அங்கே வெள்ளைக்காரர்களைவிட இந்தியர்களுக்குச் சம்பளம் ரொம்பவே குறைவு. பேலுட்ரின் என்ற மலேரியா மாத்திரைக்கு அவர் செய்த விளம்பரங்கள் இன்னிக்கும் பேசப்படுது. இந்திய வடிவங்களையும் தூரிகை எழுத்தையும் விளம்பரத்துக்குள் கொண்டுவந்தார்.

அதே அலுவலகத்தில் வேலை பார்த்த டி.கே.குப்தா, 'சிக்னெட் பிரஸ்' பதிப்பகத்தைத் தொடங்கினார். அதன் புத்தக அட்டைகளை ரேவிடம் ஒப்படைத்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்கும் ரேதான் படம் வரைந்தார். அந்தக் கதையைச் சினிமாவாக்கும் ஆசை அங்கேதான் முளைத்தது!

அமெரிக்காவிலும் ஒரு கொசுக்கதை

குழந்தைகள் கொண்டாடும் டாக்டர் சூஸ், 1928 முதல் சுமார் 17 வருஷம் 'ஃபிளிட்' பூச்சிமருந்துக்குக் கார்ட்டூன் விளம்பரம் போட்டவர். கம்பெனி ஒப்பந்தத்தில் குழந்தைகள் புத்தகத்துக்குத் தடை இல்லாததால்தான் அந்தப் பக்கம் போனேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் புத்தகம் வந்தது 1937-ல். அந்த விளம்பரங்களை சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் நீங்களும் பார்க்கலாம். சிலவற்றில் கறுப்பின மக்களை, அரபு மக்களைக் கேலியாக வரைந்திருப்பது இன்று உறுத்தும். அதையும் தெரிஞ்சுக்கிட்டே பாருங்க.

உங்களுக்கு என்ன?

ரே வேலையை உடனே உதறவில்லை. 1952-ல் ஷூட்டிங் தொடங்கியும் வார நாள்களில் ஆபீஸ், லீவு நாளில் கேமரா என்றே ஓடினார். படம் 1955-ல் வந்து, அடுத்த வருஷம்தான் கீமரை விட்டார். 1961-ல் தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகைக்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஷோங்குவும் ஃபெலுடாவும் பிறந்தது அதில்தான். அதற்கான ஓவியங்களையும் அவரே வரைந்தார்.

ரமணாசிரமம் பக்கம் உட்கார்ந்து மலையை ஸ்கெட்ச் பண்ணிட்டு, ராத்திரி யாரோ ஒரு கடைக்கு இன்ஸ்டா போஸ்டர் போட்டுக் கொடுக்குறீங்களா? வாடகைக்காகப் பண்ற வேலைன்னு கூச்சப்படாதீங்க. சின்ன இடத்தில், சொன்ன தேதிக்குள், பார்த்ததும் புரியுற மாதிரி வரையும் பயிற்சி அது. பக்கத்திலேயே உங்க சொந்தக் கதைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிடுங்க!