வயற்காவலில் வளர்ந்த காதற்கவி

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்து, நீர்க்கரையில் அமைந்த ஊர் ஓட்டமாவடி. இவ்வூர் போன்ற கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்கள் பல நெல் விளைவித்து வாழ்வன. கதிர் முற்றுங் காலத்தில் ஆடவர் வட்டையிலே பரண் கட்டி இரவெல்லாம் காவலிருப்பது பழைய வழக்கம். வீடோ தொலைவு, துணையோ குரல் ஒன்றே. அத்தனிமையில் வளர்ந்தது 'கவி' எனப்படும் நான்கடிப் பாட்டு.

கவியிலே மச்சானும் மச்சியும் பேசுவர். ஆண் ஏங்குவான், பெண் விடையிறுப்பாள், மறந்தவனை இடித்தும் உரைப்பாள். மாமன் மகளை மணக்கும் வழக்குள்ள ஊரில் உறவுச்சொல்லே காதற்சொல்லாயிற்று. ஒருவர் பெயரை வெளியிடாத அச்சொல், பாடும் எவருடைய காதலுக்கும் பொருந்திற்று.

அர்ஜென்டினாவில் 'டாங்கோ' என்னும் ஆடலிசைக்குரிய காதற் சோகத்தைக் கார்லோஸ் கார்தெல் 1917இல் இசைத்தட்டில் பாடினார். அவர் பெயரை உலகறியும். கவி கட்டியோர் பெயர்களோ பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்கள் அப்பாடல்களை ஏட்டில் ஏற்றின. காதலனின் பெயரை மறைத்துப் பாடியவளின் பெயரும் அவ்வாறே மறைந்தது. அவள் அன்பு மட்டும் பாட்டாய் எஞ்சிற்று.