சீறாவுக்கு உரை கண்ட இடலாக்குடிப் பாவலர்

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரைச் சதாவதானி என்றே தமிழகம் நினைவில் வைத்திருக்கிறது. நூறு செயல்களில் ஒருசேரக் கருத்தூன்றிய அவ்வாற்றல் பெரிதே. ஆயினும், சீறாப்புராணத்திற்கு அவர் உரை கண்டதே அதனினும் பெரிய தொண்டு என்பது நம் எண்ணம். அதன் அருமையை உணர, அக்காப்பியம் தடைபட்டுத் தடைபட்டு நடந்து வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

தொடக்கமே ஒரு மறுப்புத்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பாட விழைந்த உமறுப்புலவருக்கு அரபு மூலங்களின் துணை தேவைப்பட்டது. வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை அவர் நாடினார். புலவரின் உடையையும் தோற்றத்தையும் கண்டு அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. மனம் நொந்த புலவர் பெருமானார் மீது ‘முதுமொழி மாலை’ பாடினார். பின்னர்க் கனவின் வழியே இசைவு கிட்டிற்று என்பர். நாம் பெரும்பாலும் அக்கனவையே வியந்து பேசுகிறோம். கனவுக்கு முன்னரே ஒரு நூல் எழுந்துவிட்டது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்! மறுக்கப்பட்டவர் வாதாடவில்லை, எழுத்தாணியைக் கையில் எடுத்தார்.

அடுத்து நேர்ந்தது புரவலரின் மறைவு. சீதக்காதிக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார். காப்பியத்தினுள் 22 இடங்களில் புலவர் அவரை நன்றியோடு போற்றுகிறார். எனினும் நூல் முற்றுப்பெறவில்லை. 5027 பாடல்கள் கொண்ட அப்பெருநூல், ஹிஜ்ரத்துக் காண்டத்தின் நடுவே, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுபோயிற்று. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார்.

பாடப்பெற்ற வாழ்வும் இத்தகையதன்றோ? அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் ஒரே ஆண்டில் இழந்து, தாயிஃப் நகரில் கல்லடியும் பட்டுத் திரும்பிய பெருமானார், ஹஜ்ஜுக்கு வரும் கூட்டத்தாரிடம் சென்று அழைப்பதை நிறுத்திவிடவில்லை. அவ்வாறு அகபாவில் சந்தித்த யத்ரிபு நகரத்தார் அறுவரே பின்னர் 622ஆம் ஆண்டின் ஹிஜ்ரத்துக்கு வழி திறந்தனர்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சீறா ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி 1842இல் அச்சேற்றினார்கள். தாமே பல காப்பியங்கள் பாடிய பெரும்புலவர், முன்னோர் ஒருவரின் நூலுக்காக அலைந்தார் என்பது எண்ணத்தக்கது. அச்சேறியும் ஒரு குறை நின்றது: அரபுச் சொற்களும் செறிந்த செய்யுள் நடையும் கலந்த காப்பியம், புலமை இல்லாதார்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

அக்குறையை நீக்க முன்வந்தவருள் ஒருவர், பள்ளியில் மலையாளம் பயின்றவர் என்பதே இவ்வரலாற்றின் விந்தை. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. பள்ளி தராத தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியிடம் பாவலர் கேட்டுப் பயின்றார். பக்கீர் மீறான் சாகிபு, அமீனா அம்மையார் ஆகியோரின் மகனான அவர், இளமையிலேயே சென்னை சென்று பதிப்புப் பணியில் அமர்ந்தார். சீறாவின் உரையாசிரியரான அவரே, வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என்று வாதாடவும் செய்தார்.

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அவரை மடக்க எண்ணிய ஒருவர், துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியைத் தந்தாராம். பாவலர் சினக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. முந்தைய அடியின் முடிவில் ‘சத்’ என்னும் ஓசையை நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கனானான், இராமன் தம்பிக்குத் துணையானான். அவையோர் ஆர்ப்பரித்தனர் என்று சொல்லவும் வேண்டுமோ?

பாவலர் 1950 பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளில். அந்நாளைக் காண அவர் இருக்கவில்லை. இடலாக்குடி அரசு மேல்நிலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.