குருதித் தாகமும் காதலும்: மாலதாசரி முதல் ஜப்பானியச் சித்திரக்கதை வரை

இரவில் வருகிறவன், மூப்பறியாதவன், காதலியின் குருதியை வேண்டுகிறவன், வேண்டியும் தன்னை அடக்கிக்கொள்கிறவன். இத்தகைய நாயகனைச் சுற்றிப் பின்னப்பட்ட ஜப்பானியச் சித்திரக்கதைகளை இன்று ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கைப்பேசித் திரையிலும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் படிக்கின்றனர். பெரியோர் இதனைப் 'பேய்க்கதை' என்று ஒதுக்குகின்றனர். புலமையுடையோர் 'மேனாட்டு மோகம்' என்று முகம் சுளிக்கின்றனர். இரண்டும் ஆராயாது வழங்கிய தீர்ப்புகளே. குருதித் தாகத்தையும் காதலையும் ஒரே கதைக்குள் வைத்துப் பார்ப்பது தமிழுக்கும், குறிப்பாக வில்லிபுத்தூர் வட்டாரத்துக்கும் அந்நியமானதன்று.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 'வாம்பயர்' என்பதற்குத் தமிழில் இரத்தக்காட்டேரி என்று சொல்லிவிடுகிறோம். காட்டேரியோ நாட்டுப்புற வழிபாட்டில் இடம்பெற்ற தெய்வம். கருவுற்ற பெண்டிர் அஞ்சுகிற தெய்வம். சில குடும்பங்களுக்குக் குலதெய்வமும் ஆவாள். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர் அவளைக் கயானா வரை கொண்டு சென்றனர். அஞ்சப்படுபவளையே கும்பிடவும் தெரிந்த மக்களின் சொல் அது. ஐரோப்பியக் கதை மாந்தனுக்கு அதனை அப்படியே சூட்டுவதால், அவனைப் பற்றியும் நமக்குத் தெளிவில்லை, அவளைப் பற்றியும் தெளிவில்லாமற் போயிற்று.

ஐரோப்பாவின் குருதியுண்ணி தொடக்கத்தில் அழகனும் அல்லன், சீமானும் அல்லன். 1725ஆம் ஆண்டிலும் 1732ஐ ஒட்டியும் செர்பிய நாட்டுச் சிற்றூர்களில் புதைகுழிகளைத் தோண்டிப் பார்த்த அதிகாரிகளின் அறிக்கைகளில் அவன் ஊதிப் பருத்த ஒரு குடியானவனின் பிணமாகவே வருகிறான். அவனைச் சீமானாக்கியது ஓர் இலக்கிய வட்டம்! 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் பைரன், ஷெல்லி, மேரி முதலியோர் கூடிப் பேய்க்கதை சொல்லிப் பொழுதைக் கழித்தனர். பைரனுடைய மருத்துவராக உடனிருந்த பொலிடோரி, பைரன் தொடங்கி விட்டுவிட்ட கதையிலிருந்து தம் கதையை வளர்த்தெடுத்து 1819இல் அது வெளிவந்தது. அதன் நாயகன் ருத்வென் பிரபு பைரனின் சாயலிலேயே அமைந்தான். வெளிறிய முகம், பெண்களை ஈர்க்கும் கண், குற்றத்தின் நிழல் எல்லாம் கவிஞனிடமிருந்து பேய்க்குப் போன சீதனங்கள். பிறகு லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872), ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) என்று அந்தக் குலம் பெருகிற்று.

ஜப்பானுக்கு இவன் வந்தபோது அங்கே அவனுக்கு முன்பே ஓர் இருக்கை போடப்பட்டிருந்தது. சீனத்துச் சூ யூ 1378இல் எழுதி முடித்த கதைத் தொகுதியிலிருந்து அசாய் ரியோயி 1666இல் ஜப்பானிய மொழிக்குத் தழுவிக் கொணர்ந்த 'பியோனி விளக்கு' என்னும் கதையில், இரவுதோறும் விளக்கேந்திய தோழியுடன் ஒரு நங்கை காதலனைத் தேடி வருகிறாள். அவன் நாளுக்கு நாள் மெலிகிறான். அண்டை வீட்டான் எட்டிப் பார்க்கும்போது, அவன் தழுவியிருப்பது எலும்புக்கூடு! கதைசொல்லி என்ச்சோ இதனை மேடையில் விரித்துரைத்தார். அவர் சொன்னது சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு 1884இல் நூலாயிற்று. உயிரைக் குடிக்கும் காதல் என்பது ஜப்பானியருக்கு மேற்கிலிருந்து வந்த புதுமையன்று.

இந்த இரண்டு ஓடைகளும் கூடிய இடம் பெண்களுக்கான சித்திரக்கதை. நெடுங்காலம் ஆண்களே பெரும்பாலும் எழுதிவந்த அத்துறையில் 1970களில் இளம்பெண்கள் எழுதவும் வரையவும் புகுந்தனர். அவர்களுள் தலையாயவர் 1949இல் ஒமுதா என்னும் நிலக்கரிச் சுரங்க நகரில் பிறந்த மோட்டோ ஹாகியோ. 1972இல் அவர் தொடங்கிய 'போ குலம்' என்னும் தொடரில் எட்கர் என்ற சிறுவன் பதினான்கு வயதிலேயே நின்றுவிடுகிறான். நூற்றாண்டுகள் ஓடுகின்றன, நண்பர்கள் மூத்து மடிகின்றனர், அவன் ரோஜாத் தோட்டங்களின் ஓரமாக ஊர் ஊராகப் பெயர்ந்துகொண்டே இருக்கிறான். அச்சத்தைக் காட்டிலும் துயரமே மிக்க கதை அது. 1976இல் ஷோகாகுகான் விருது பெற்றது. மட்சுரி ஹினோ 2004 முதல் 2013 வரை எழுதிய 'வாம்பயர் நைட்' பத்தொன்பது தொகுதிகளில் அமைந்தது. அதில் ஒரே பள்ளியில் பகலில் மனிதர் படிக்கின்றனர், இரவில் குருதியுண்ணிகள் படிக்கின்றனர். இருவருக்கும் இடையே காவல் நிற்பவள் யூகி என்னும் பெண். தன் குடும்பத்தைக் குருதியுண்ணிகளுக்குப் பலிகொடுத்த ஸீரோ தானும் அவ்வாறே மாறிவிட்டதை வெறுக்கிறான். அவனுக்குத் தன் குருதியைத் தானே முன்வந்து தருகிறாள் யூகி. அந்த 'முன்வந்து' என்பதில்தான் இக்கதைகளின் ஈர்ப்பு பெரிதும் அடங்கியுள்ளது. டிராகுலாவில் பெண் இரை, இங்கே ஈகைக்காரி. தருவதும் மறுப்பதும் அவள் கையில்.

இதே 1972இன் தொடக்கத்தில், வில்லிபுத்தூரை அடுத்த சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' பிறந்தது. இரும்புக்கை மாயாவி வந்தான். 1984இல் 'லயன் காமிக்ஸ்' மாடஸ்டியின் கதையோடு தொடங்கிற்று. நேரு 'குட்டி ஜப்பான்' என்று அழைத்ததாகச் சொல்லப்படும் நகரம் அது. பெரிய ஜப்பானில் பெண்கள் பெண்களுக்காகச் சித்திரக்கதை படைத்துக்கொண்டிருந்த காலத்தில், குட்டி ஜப்பானின் அச்சகங்கள் துப்பறிவோரையும் குதிரைவீரர்களையும் பையன்களின் கைகளில் கொடுத்தன. குறை சொல்வதற்கன்று, அந்த நூல்களால் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர் ஒரு தலைமுறை. ஆயினும் பெண்பிள்ளைகளின் மனத்துக்கென்று ஒரு சித்திரக்கதை மரபு தமிழில் வேரூன்றவில்லை. இன்று அவர்கள் கடல்கடந்த கதையைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழின் பழஞ்செல்வத்தில் அவர்களுக்கு ஏதும் இல்லையா என்றால், ஏராளம் உண்டு. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்னும் துறையை எண்ணிப் பார்க்கலாம். தலைவி வெளிறுகிறாள், மெலிகிறாள், வளை கழல்கிறது, உறக்கம் இல்லை. தாய் இதனை அணங்கு தாக்கியது என்று கருதி வேலனை அழைக்கிறாள், ஆடு பலியாகிறது, குருதி சிந்துகிறது. நோய்க்குக் காரணமானவனோ இரவுக்குறியில் வந்து போகிற மலைநாடன். இரவில் ரகசியமாக வருபவன், வெளிறிப்போகும் கன்னி, தவறாக நோய்முகம் நாடும் வீட்டார், இடையே சிந்தும் குருதி: டிராகுலாவின் காட்சியமைப்பில் உள்ள உறுப்புகள் அத்தனையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குறிஞ்சித்திணையில் உள்ளன. வேறுபாடு ஒன்றுதான். ஐரோப்பியக் கதையில் வீட்டார் ஐயம் உண்மை, வந்தவன் பேயேதான். தமிழ்க் கவிதையில் வீட்டார் ஐயம் பிழை. வந்தவன் மனிதன், நோய் காதல். தாயின் பிழையைக் கண்டு தோழி நகைக்கிறாள். பெண்ணின் விருப்பத்தைப் பேயாகக் காணும் பழக்கத்தைச் சங்கப் புலவர்கள் அப்போதே எள்ளி நகையாடினர் என்பது கவிஞர் மன்றத்தார் மறக்கத்தகாத செய்தி.

கலிங்கத்துப்பரணியின் அமைப்பும் இவ்வகையில் வியப்புக்குரியது. முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் கலிங்க வெற்றியைப் பாடவந்த செயங்கொண்டார், போர்க்களத்துக்கு நேரே செல்லவில்லை. கடவுள் வாழ்த்தை அடுத்துக் கடைதிறப்பு வைக்கிறார். ஊடிக் கதவடைத்த மகளிரைக் கதவு திறக்க வேண்டுகிறார். அந்தக் கதவைத் தாண்டினால் காளியின் காடு, பசித்த பேய்கள், இறுதியில் களத்தில் கூழ் அடுதல். பள்ளியறை வாயிலிலிருந்து பேய்களின் அடுக்களைக்குப் போகிற வழியைத் தமிழ்ப் புலவர் ஒருவர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே போட்டிருக்கிறார். இதனை உரையாசிரியர்கள் சுவை மாறுபாடு என்று சொல்லி நகர்வது போதாது.

பழையனூர் நீலியின் வரலாறு வேறு வகை. முற்பிறப்பில் கணவன் கையால் கொலையுண்டவள் பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மறுபிறப்பில் வணிகனாக வந்தவனைத் தன் கணவன் என்று ஊரவை முன் அழுது வழக்காடுகிறாள். காவலாக அவன் வைத்திருந்த வாளைப் பிரித்து வைத்துவிட்டு அவளோடு ஒரு வீட்டில் தங்கச் சொல்லி, எழுபது வேளாளர் பிணை நிற்கின்றனர். விடியலில் அவன் பிணம். சொல் தவறாத எழுபதின்மரும் தீயில் இறங்கினர். தமிழ்ப்பேய் பெரும்பாலும் பெண். அதிலும் வஞ்சிக்கப்பட்ட பெண். மேற்கின் குருதியுண்ணியோ மாளிகையில் வாழும் ஆண். நம் கதையில் தாகம் என்பது நீதி கிடைக்காத கோபம். ஆனால் வழக்கில் நின்றது 'நீலிக்கண்ணீர்' என்ற ஒரு சொற்றொடர்தான். அவள் அழுத பொய்யழுகை பழமொழியாயிற்று. அவள் பட்ட கொலை பழமொழியாகவில்லை.

அந்நீலியைச் சமணர் விடவில்லை. நீலகேசி என்னும் காப்பியத்தில், பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் துறவியை அச்சுறுத்தவும் மயக்கவும் வந்த அவளே அவருடைய சொல்லால் மனம் மாறி, சமயவாதங்களில் எதிரிகளை வெல்லும் அறிவுடையாளாகிறாள். குருதி வேட்கையைத் தருக்க வேட்கையாக்கிய அந்தப் புலவரின் பெயர் தெரியாமற் போனது இழப்பே.

இனி ஊருக்குள் வரலாம். இவ்வட்டாரத்தில் காதலைப் பற்றி எதை எழுதினாலும் ஆண்டாள் நினைவு வராமல் இராது. அவர் பாடியது பக்தி. அதனைச் சித்திரக்கதையோடு நிறுத்துப் பார்ப்பது அழகன்று. ஆனால் அவர் வரலாற்றைப் பாடிய ஒரு காப்பியத்துக்குள்ளேயே குருதியுண்ணி ஒருவன் இருக்கிறான் என்பதைச் சொல்லலாம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509-1529) தெலுங்கில் இயற்றிய 'ஆமுக்தமால்யதா' விஷ்ணுசித்தரையும் கோதையையும் பாடுவது. இதனைத் தமிழாக்கி 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர் இராஜபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. தெலுங்கைத் தாய்மொழியாகவும் தமிழைப் புலமை மொழியாகவும் கொண்ட ஊருக்கு இயல்பாக வாய்த்த பேறு அது.

காப்பியத்தின் பிற்பகுதியில், மகளின் பிரிவுத்துயரைப் புரிந்துகொள்ள மாட்டாமல் கலங்கும் விஷ்ணுசித்தருக்கு இறைவன் மாலதாசரியின் கதையைச் சொல்கிறான். திருக்குறுங்குடிப் பெருமானை நாள்தோறும் விடியுமுன் சென்று பாடும் தாழ்த்தப்பட்ட குலத்து அடியவர் மாலதாசரி. ஒருநாள் வழிதவறி, ஆலமரத்தடியில் வாழும் பிரம்மராட்சதனிடம் அகப்படுகிறார். பசியால் வாடுகிறவன் அவன், முற்பிறப்பில் அந்தணன். பாடிவிட்டுத் திரும்பி வருவேன், பிறகு உண்ணலாம் என்று ஆணையிட்டு விடைபெறுகிறார் பாடகர். பாடிவிட்டுத் திரும்பியும் வருகிறார். வராகபுராணத்தைச் சார்ந்த இதே கதை நம்பாடுவான் வரலாறாக வைணவர் நடுவே வழங்குகிறது. கைசிக நாடகமாகக் கார்த்திகை மாதத்து ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலில் ஆடப்படுகிறது. நலிந்திருந்த அக்கூத்து 1990களின் இறுதியில் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோரின் முயற்சியால் மீண்டும் செப்பமுற்றது.

பிரிவால் மெலியும் பெண்ணின் கதைக்கு நடுவே, உடலுண்ணும் பசியின் கதை ஏன் வைக்கப்பட்டது? பாட்டின் பெருமையை நிறுவ என்பது மரபான விடை. அது சரியே. எனினும், வேட்கை ஒன்றே அன்பாகவும் கொலையாகவும் முகங்காட்டக் கூடியது என்பதை அரசகவி அறிந்திருந்தார் என்று கொள்வதில் பிழையில்லை. ஸீரோ தன் தாகத்தை வெறுத்துத் தவிக்கும் பக்கங்களில் இளம்பெண்கள் காண்பதும் இதுவே: தீங்கு செய்யும் ஆற்றலுடையவன் செய்யாதிருப்பது. சுற்றிலும் தீங்கு செய்யாதிருக்கும் ஆண்கள் மலிந்திருந்தால் இக்கதைக்கு இவ்வளவு வாசகியர் இருந்திருப்பாரா என்பது கேட்கத்தக்க கேள்வி. கொடுமையைக் காதலென்று இனிப்புப் பூசும் கதைகளும் இவற்றுள் உண்டு, அவற்றைப் போற்றவேண்டியதில்லை. இரண்டையும் பிரித்தறியப் படித்துத்தான் ஆகவேண்டும்.

மாலதாசரியின் கதையில் மேலும் ஒரு நுட்பம். திரும்பி வந்த பாடகர் உண்ணச் சொல்கிறார், பசித்தவன் மறுக்கிறான். அவனுக்கு இப்போது வேண்டியது உடல் அன்று, பாட்டின் பயன். இரையானவர் அதைத் தர இசையவில்லை; சொன்னபடி என்னைத் தின்று பசியாறு என்கிறார். அவன் பாதியேனும் தா என்கிறான். காலேனும் தா என்கிறான். கடைசியில் காலில் விழுந்து, இரவின் இறுதியில் பாடிய ஒரே ஒரு பாட்டின் பயனையாவது தா என்று கெஞ்சுகிறான். ஒன்றைத் தருகிறார். அப்பாட்டு கைசிகப் பண்ணில் அமைந்தது என்று புராணம் சொல்கிறது.