நோயாளிக்கு அருகில்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவர் உருவான விதம்

1800 டிசம்பரில் டேனியல் டிரேக் என்ற 15 வயதுச் சிறுவன் கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்கு வந்து, வில்லியம் கோஃபோர்த் என்ற மருத்துவரின் வீட்டில் தங்கினான். நான்கு ஆண்டுகள் அங்கேயே உண்டு உறங்கித் தொழில் கற்க 400 டாலர் என்று பேச்சு. பாதரசத்தை அரைத்துக் களிம்பாக்குவது, மருந்து கலப்பது, விளங்காத மருந்து நூல்களை மனப்பாடம் செய்வது ஆகியவைதான் தொடக்கப் பாடங்கள். 1805இல் கோஃபோர்த் தம் கையாலேயே ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அலெகேனி மலைகளுக்கு மேற்கே வழங்கப்பட்ட முதல் மருத்துவச் சான்றிதழாக அதைக் குறிப்பிடுவார்கள். டிரேக் முறையான பட்டம் பெற்றது 1816இல். அதற்குள் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்துவிட்டார்.

இந்தக் குருகுல முறையைக் கல்லூரிகள் ஒழித்துவிட்டன என்று பொதுவாக எழுதப்படுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. கல்லூரிகள் அதன்மேல்தான் நின்றன. ஒரு மருத்துவரிடம் மூன்றாண்டு பயின்றதற்கான சான்று, நான்கு மாத அளவிலான இரண்டு விரிவுரைப் பருவங்கள், ஒரு வாய்மொழித் தேர்வு: பெரும்பாலான இடங்களில் பட்டத்துக்குத் தேவைப்பட்டவை இவையே. இரண்டாம் பருவத்தில் புதிய பாடம் எதுவுமில்லை. முதல் பருவத்தில் கேட்டதையே மறுபடி கேட்க வேண்டும். நோயாளியைப் பார்ப்பதெல்லாம் குருவின் பொறுப்பு என்று கல்லூரி விட்டுவிட்டது. குருவோ, அதைக் கல்லூரி சொல்லித்தரும் என்று மெல்ல நழுவினார். இடையில் அகப்பட்டவன் மாணவன். அவனுக்குப் பின்னால் நோயாளி.

இதற்குப் பணமும் ஒரு காரணம். பல கல்லூரிகள் பேராசிரியர்களுக்கே சொந்தமானவை. ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் தனித்தனியே சீட்டு வாங்குவார். அந்தத் தொகை ஆசிரியருக்குப் போகும். கெடுபிடி செய்தால் மாணவர் அடுத்த ஊர்க் கல்லூரிக்குப் போய்விடுவார். டிரேக்கே 1819இல் ஓஹையோ மருத்துவக் கல்லூரியை நிறுவினார். மாணவர் நோயாளிகளைக் காண வேண்டும் என்பதற்காக 1821இல் மாநிலச் சட்டமன்றத்தின் வழியே ஒரு மருத்துவமனைக்கும் வழிசெய்தார். 1832இல் வெளியிட்ட கட்டுரைகளில் மருத்துவக் கல்வியின் குறைகளை ஒவ்வொன்றாக அலசினார். அவர் கண்ட வழியில் நாடு நடக்க இன்னும் அறுபது ஆண்டுகள் பிடித்தன.

சிகிச்சையும் மக்களின் நம்பிக்கையைப் பெறும்படி இல்லை. ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் வடிப்பார்கள். பாதரச உப்பான கலோமலை ஈறு வீங்கி எச்சில் ஒழுகும்வரை கொடுப்பார்கள். இதற்கு அஞ்சியவர்கள் சாமுவேல் தாம்சனின் மூலிகை முறையை நாடினர். 1813இல் அவர் அதற்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். மருத்துவ உரிமம் ஒரு சிலரின் ஏகபோகம் என்ற எண்ணம் வலுத்து, 1830களிலும் 40களிலும் மாநிலங்கள் பலவும் உரிமச் சட்டங்களைக் கைவிட்டன. 1847இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் உருவானபோது அதன் முதல் கவலை கல்வித்தரம்தான். ஆனால் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

உடற்கூறு கற்பதற்குப் பிணங்கள் போதவில்லை. இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி இது. ஏழைகளின் புதைகுழிகளும் கறுப்பினத்தவரின் கல்லறைகளும் தோண்டப்பட்டன, கேட்பார் இல்லை. 1878இல், டிரேக் நிறுவிய அதே ஓஹையோ கல்லூரியில், ஜான் ஸ்காட் ஹாரிசனின் உடல் கயிற்றில் தொங்கக் கண்டெடுக்கப்பட்டது. அவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவரின் மகன். நாடு பதறியது அப்போதுதான்.

நியூயார்க்கில் 1845இல் பட்டம் பெற்ற சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் இந்தப் பழைய முறையில் வந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் சென்று, மானிப்பாயில் மருத்துவமனையோடு சேர்த்தே மாணவரைப் பயிற்றினார். பின்னர் பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். அதற்கான ‘இரண வைத்தியம்’ என்ற நூல் 1867இல் வெளிவந்தது. நோயாளியையும் நூலையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்த அந்தச் சிறிய பள்ளி, அன்றைய அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இல்லாத ஒன்றைத் தன் மாணவருக்குத் தந்தது என்றே கருதுகிறேன்.

அமெரிக்காவிலோ, ஹார்வர்டில் 1871 வரை ஒன்பது பாடங்களில் ஐந்தில் தேறினாலே பட்டம் கிடைத்தது. தலைவர் சார்லஸ் எலியட் 1871இல் மூன்றாண்டுப் படிநிலைப் பாடத்திட்டத்தையும் எழுத்துத் தேர்வையும் கொண்டுவர முனைந்தார். பேராசிரியர் ஹென்றி பிகலோ கடுமையாக எதிர்த்தார்; மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுதவே வராது என்பது அவர் வாதம். எலியட் பின்வாங்கவில்லை. சேர்க்கை சரிந்தது, பிறகு மீண்டது. 1889இல் மேற்கு வர்ஜீனியாவின் உரிமச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததால், கைவிடப்பட்ட உரிமமுறைக்கும் மறுபடி உயிர் வந்தது.

1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, கல்லூரிப் பட்டம் பெற்றவர்களையே சேர்த்தது. மேரி காரெட்டின் நன்கொடை நிபந்தனையால் பெண்களுக்கும் சம இடம் கிடைத்தது. அங்கே வில்லியம் ஆஸ்லர் மேல்வகுப்பு மாணவரை நோயாளர் கூடத்துக்குள் கொண்டுபோய், ஆளுக்குச் சில படுக்கைகளை ஒப்படைத்தார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதும், சோதனைகளைச் செய்வதும், கூடவே இருந்து கவனிப்பதும் அவர்கள் வேலை. கோஃபோர்த்தின் வீட்டுப் பயிற்சி, நுண்நோக்கியோடும் ஆய்வுக்கூடத்தோடும், மருத்துவமனைக்குள் திரும்பி வந்திருந்தது.

1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 155 பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தபோது ஹாப்கின்ஸைத்தான் அளவுகோலாகக் கொண்டார். பல பள்ளிகள் மூடப்பட்டன. கறுப்பினத்தவருக்கு அப்போதிருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே பிழைத்தன.