தேர் திரும்பிய பிறகு

கோலாலம்பூர் ஜாலான் துன் எச். எஸ். லீ வீதியிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூசத்தை ஒட்டி இரவு வேளையில் புறப்படும் வெள்ளி ரதம் ஜனசமுத்திரத்தினூடே நகர்ந்து மறுநாள் பத்துமலையை அடைவதையும், பால்குடங்களும் காவடிகளும் அங்குள்ள 272 படிகளில் ஏறுவதையும் வர்ணித்து எழுதியோர் அநேகர். ஆனால் பூசம் கழிந்து, அதே ரதம் வந்த வழியே கோயிலுக்குத் திரும்பி, கூடாரங்கள் பிரிக்கப்பட்டு, அண்டாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின்னர், அவ்விழாவைத் தாங்கி நின்றவர்கள் யார், அவர்கள் எவ்வாறு ஒன்று சேர்ந்தார்கள், எந்தக் காலத்தில் எத்தகைய மனிதர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள் என்று விசாரித்து எழுதியவர்கள் மிகச் சிலரே.

ஒரு பருவம் முழுவதும் உழைத்துவிட்டு, பருவத்தின் முடிவில் கூடி அமர்ந்து கணக்குப் பார்ப்பதும், உழைத்தவர்களுக்கு நன்றி கூறுவதும் உலகத்தில் பல தேசத்தாருக்கும் பொதுவான வழக்கம். கனடா முதலிய பனிதேசங்களில், பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கான பாதைகளைக் குளிர்காலம் நெடுகிலும் ஊதியமின்றிச் செப்பனிட்டுக் காக்கும் சங்கத்தார், பனி உருகத் தொடங்கியதும் ஒரு விருந்தில் கூடுகிறார்கள். நம் கோயில்களிலோ பெருந்திருவிழா நிறைவெய்திய பின் விடையாற்றி என்று சில நாட்களை ஒதுக்கி, வீதிவலம் வந்த மூர்த்திக்கே இளைப்பாறுதல் அளிக்கிறோம். தெய்வத்தின் சிரமத்தைக் கூட உணர்ந்து அதற்கு உபசாரம் வகுத்த சமூகம், அந்தத் தெய்வத்தைச் சுமந்தவனுடைய சிரமத்தை எந்த ஏட்டில் எழுதிவைத்தது என்று தேடப் புகுந்தால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரமே வேறொரு முகத்தோடு நமக்குக் காட்சி தருகிறது.

அந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் ஒரு செல்வரின் பெயரால் அமைந்தது. 1850-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூருக்கு வந்து அரசாங்க உத்தியோகத்திலும் பின்னர் ஈயச் சுரங்கத் தொழிலிலும் உயர்ந்து, சீனப் பெருவணிகரான லோக் யூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் நடத்திய காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையே மாரியம்மன் கோயிலை ஸ்தாபித்தவர். 1873-இல் தோன்றிய அக்கோயில், 1885-இல் இன்றுள்ள வீதிக்கு இடம் மாறிற்று. பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றின் குகையைக் கண்டு, அதன் வாயில் வேலின் வடிவை நினைவூட்டுவதாக உணர்ந்து, அங்கே முருகனை எழுந்தருளச் செய்தவரும் அவரே என்பது வழிவழியாக வரும் செய்தி. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் கல்விச்சாலையின் ஆரம்பகால தர்மகர்த்தாக்களிலும் ஒருவராக விளங்கிய அவர் 1902-இல் காலமானார். ஆதிகாலத்து விழாக்கள் இத்தகைய பிரபுக்களின் கொடையால் நடந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், காடு அடர்ந்த அக்காலத்தில் குன்றுக்குப் பாதை வெட்டியவரும், விறகு பிளந்தவரும், உலையேற்றியவரும், கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் முதியோரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டவரும் பிரபுக்களாக இருந்திருக்க இயலாது என்பதிலும் ஐயமில்லை. 1920-இல் குகைக்கு மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை சிமெண்டுப் படிகளாயின. படி கட்டத் தனம் தந்தவர் பெயர் ஒருவேளை எங்கேனும் கிடைக்கலாம். பலகை சுமந்தவன் பெயர் கிடைக்காது.

நகரத்தின் நடுவிலிருந்து பத்துமலைக்கு, ஏறக்குறைய ஐந்து காத தூரத்துப் பிரயாணம் என்று தோன்றச் செய்யும் அவ்வழியின் நீளம் உண்மையில் பத்து மைலுக்குச் சற்றுக் குறைவுதான். ஆயினும் விரதத்தால் மெலிந்த தேகத்தோடு, வெறுங்காலோடு, விடிந்தபின் கொதிக்கும் வெயிலில் நடப்பவனுக்கு அதன் ஒவ்வொரு மைலிலும் தாகம் காத்திருக்கிறது. இந்தத் தாகத்திலிருந்து பிறந்ததே தண்ணீர்ப் பந்தல். இது மலாயாவில் புதிதாக உண்டான ஏற்பாடன்று. சேக்கிழார் பாடிய திங்களூர் அப்பூதியடிகள் சோழநாட்டு வழியிலே வைத்த பந்தலின் நேரான சந்ததி. அப்பூதியடிகள் தாம் கண்ணாலும் காணாத திருநாவுக்கரசரின் பெயரை அந்தப் பந்தலுக்குச் சூட்டினார். நிழலும் நீரும் தந்த தம்முடைய பெயரை அங்கே எழுதவில்லை. வழிப்போக்கராக வந்த நாவுக்கரசர் தம் பெயரையே அப்பந்தலில் கண்டு திகைத்து, இதை வைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் பந்தலின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது: தாகத்தோடு வருபவனை யார் எவர் என்று கேளாது கொடுப்பது, கொடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்வது.

இரண்டாம் அத்தியாயம் ரப்பர்த் தோட்டங்களுக்கு உரியது. கங்காணி முறையில் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டு, லயங்களில் குடியேறி, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் சீவி வாழ்ந்த ஜனங்களுக்குத் தம் விருப்பப்படி நடத்திக்கொள்ளக்கூடிய ஸ்தாபனம் என்று ஒன்று இருந்ததென்றால், அது பெரும்பாலும் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழாக் குழுவே. வேலையிடத்தில் துரையின் சொல்லும், கிராணியின் பேரேடும், தண்டலின் குரலும் ஆட்சி செய்தன. கோயில் முற்றத்திலோ வரி வசூலிப்பது, அதற்குக் கணக்கு வைப்பது, அரிசி பருப்பு வாங்குவது, யார் அடுப்பைப் பார்ப்பது, யார் இலை போடுவது, யார் காவடிக்காரனோடு நாற்காலியும் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் சுமந்து உடன் நடப்பது என்று தீர்மானிப்பதெல்லாம் அவர்களுடைய சொந்தப் பொறுப்பாயின. ஒருவன் காவடி எடுக்க வேண்டுமானால் பத்துப் பேர் அவனுக்காக விரதம் காப்பதைப் போலவே உடன் நின்று உழைக்க வேண்டியிருந்தது. கூலிக்கு உழைத்தவர்கள் கூலியில்லாமல் உழைக்கக் கற்ற இடம் அது. கட்டளைக்குப் பணிந்தவர்கள் தாமே ஒரு காரியத்தைத் திட்டமிடக் கற்ற இடமும் அதுவே.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்றே நான் கருதுகிறேன். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் ஓர் அங்கமாக மட்டும் படித்துவருகிறோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டதும், சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாகிப் பட்டாளம் வரவழைக்கப்பட்டதும், தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதும் அறிந்த விஷயங்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஊதிய உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும், துரைமாரின் எதிரே சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் அவமானம் ஒழிய வேண்டும் என்பதும் இடம்பெற்றன. பல தோட்டத்து மக்களை ஒருசேரத் திரட்டி, கட்டுப்பாட்டோடு நிறுத்தும் வல்லமை திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. திருவிழாக் குழுவில் வரி பிரித்துப் பழகியவர்களும், கூட்டத்துக்கு ஒழுங்கு செய்து பழகியவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யுத்தத்துக்குப் பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் கள்ளை எதிர்த்துத் தோட்டப் பிள்ளைகள் தொண்டர் படை என்ற பெயரிலேயே அணிவகுத்தார்கள்.

காவடியையும் அலகையும் கண்டித்தவர்களும் இச்சமூகத்தில் இல்லாமல் இல்லை. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து சென்றபின் வலுப்பெற்ற சீர்திருத்த இயக்கத்தார், திருவிழாவில் செலவாகும் பொருளும் ஊக்கமும் கல்விக்குப் போகலாகாதா என்று வினவினர். அந்த வினாவின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பந்தலில் நீர் வார்க்கும் கையே பள்ளிக்கூடக் கூரைக்கும் அத்தாப்பு சுமந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கோலாலம்பூரிலுள்ள பிரிக்பீல்ட்ஸின் கதை தோட்டத்தாரின் கதையினின்று மாறுபட்டது. செங்கல் சூளைகள் இருந்த அவ்விடத்தில் ரயில்வேயின் பணிமனைகளும் குடியிருப்புகளும் எழுந்தபோது, தமிழகத்துத் தொழிலாளரோடு யாழ்ப்பாணத்துக் கல்விமான்களும் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்து குடியமர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஸ்காட் வீதியில் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும், 1904-இல் தோன்றிய விவேகானந்தர் ஆசிரமமும் வேறொரு வகைத் தொண்டுக்குச் சாட்சியாக நிற்கின்றன. பகலெல்லாம் அரசாங்கப் பேரேட்டில் எழுதிய விரல்கள் மாலையில் கோயில் கணக்கையும் சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் எழுதின. கௌரவச் செயலாளர், கௌரவப் பொருளாளர் என்னும் பட்டங்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பு பந்தலில் நின்றவனின் உழைப்பைப்போல் வியர்வை சிந்தவில்லையாயினும், ஊதியமற்றது என்பதில் அதற்கு இணையானதே. தோட்டத்தார் உடலால் செய்ததை இவர்கள் எழுத்தால் செய்தார்கள். அதனாலேயே இவர்களுடைய பெயர்கள் தப்பிப் பிழைத்தன, அவர்களுடைய பெயர்கள் மறைந்தன.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பின்னர் பால்மரங்கள் விழுந்து செம்பனை எழுந்ததும், அதன்பின் செம்பனையும் விழுந்து தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகள் எழுந்ததும் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கி வைத்தன. லயங்கள் கலைந்தபோது திருவிழாக் குழுவும் கலைந்திருக்க வேண்டும், ஆனால் கலையவில்லை. கிள்ளானிலும், காப்பாரிலும், பூச்சோங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்கள் பழைய தோட்டத்தின் பெயராலேயே ஆண்டுதோறும் ஒன்று சேர்ந்தார்கள். தோட்டம் பூமியிலிருந்து அழிந்தபின்னும் ஒரு பந்தலாகச் சில நாட்கள் உயிர் பெற்றது. மோருக்கும் பானகத்துக்கும் பக்கத்தில் மைலோவும் பொட்டலச் சோறும் வந்தன. உருமி மேளக் குழுக்கள் வந்தன. முதலுதவிக்குச் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையினர் வந்தனர். மாணவர்களும் தொண்டூழியர்களாகச் சீருடை அணிந்து நின்றார்கள். 2006-இல் 140 அடி உயர முருகன் சிலை எழுந்து, 2010-இல் மின்சார ரயில் மலையடிவாரம்வரை வந்தபின், கூட்டம் மேலும் பெருகிற்று. அதனோடு வியாபார நிறுவனங்களின் பதாகைகளும் பந்தலின் முகப்பில் ஏறின. அப்பூதியடிகளுடைய பந்தலில் கொடுத்தவர் பெயர் இல்லை. இன்றைய பந்தல்கள் பலவற்றில் கொடுத்தவர் பெயரே முதலில் தென்படுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு அன்னமிடப் பொருள் வேண்டும். பதாகையில் பெயருள்ளவர் ஒருவர், அண்டாவைக் கிளறுகிறவர் மற்றொருவர் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

எல்லாத் தொண்டுகளிலும் கடைசியாக வருவதும், கடைசியாகவே நினைக்கப்படுவதும் துப்புரவுத் தொண்டு. தேங்காய் ஓடுகளும், காகிதக் குவளைகளும், மிஞ்சிய உணவும் மலையடிவாரத்தில் குவிந்து கிடக்கும் அந்த விடியற்காலையில் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் பணியாளர் கூலிக்காகப் பெருக்குகிறார்கள். அவர்களோடு கூலி பெறாத இளைஞர் சிலரும் பைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாவுக்கரசர் கையில் ஏந்தியது வேலன்று, தண்டன்று. கோயில் பிரகாரத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப்படை. அவரை ஆராதிக்கும் சைவர் சமூகத்தில் குப்பை அள்ளும் பணி இழிவாக எண்ணப்படுவது ஒரு முரண்பாடு. அம்முரண்பாட்டை வாதத்தால் அன்றிச் செயலால் தீர்க்கும் உழவாரப் பணிக் குழுக்கள் இன்று இந்நாட்டுக் கோயில்களில் இயங்கிவருவது மகிழ்ச்சிக்குரியது.

தொண்டு இல்லாத விழா எப்படியிருக்கும் என்பதையும் இத்தலைமுறை கண்டது. 2021-ஆம் ஆண்டு கொள்ளைநோயின் நிமித்தம் ரதம் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு, பக்தர் கூட்டமின்றி, நின்று அர்ச்சனை பெறாமல் பத்துமலைக்குச் சென்று திரும்பிற்று. பூஜைகள் குறைவின்றி நடந்தன. ஆகமத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் பந்தலில்லாத அந்தச் சாலையைப் பார்த்தவர்கள், தைப்பூசத்தின் பாதி பாகம் கோயிலுக்கு வெளியேதான் நடந்துவந்தது என்பதை உணர்ந்தார்கள்.

விழா முடிந்ததும் நன்றி சொல்லும் கூட்டங்கள் நம்மிடையே நடவாமல் இல்லை. மேடை போடப்படுகிறது, பிரமுகர்களுக்கு மாலையும் பொன்னாடையும் அணிவிக்கப்படுகின்றன, நன்கொடையாளர்களின் ஜாபிதா வாசிக்கப்படுகிறது, தொண்டர்கள் அனைவருக்கும் பொதுவில் ஒரு வாக்கியம் சொல்லப்படுகிறது, அந்த வாக்கியம் சொல்லப்படும்போது தொண்டர்கள் பின்புறத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொன்னாடை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அவர்களும் அதை வேண்டுவதாகத் தெரியவில்லை. வேண்டுவது ஓர் ஏடு. இந்த ஆண்டு எந்தெந்த ஊரார் எங்கெங்கே பந்தல் வைத்தார்கள், எத்தனை மூட்டை அரிசி வெந்தது, எந்த வேளையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று, யார் இரவு முழுதும் கண்விழித்தார்கள், எந்தத் தோட்டத்தின் பெயர் இவ்வாண்டோடு நின்றுபோயிற்று என்பவற்றை விழா முடிந்த வாரத்திலேயே எழுதிவைக்கும் ஏடு.

தன் பெயரை மறைத்துக்கொள்வது தொண்டனுடைய தர்மம். அதைக் கண்டுபிடித்து எழுதுவது ஊருடைய தர்மம். அப்பூதியடிகள் மறைத்ததைச் சேக்கிழார் எழுதியிராவிட்டால், திங்களூர்ப் பந்தலைப் பற்றி நாம் இன்று பேச வழியில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முதல் கூட்டம் போடுகிறவர்கள் வரவு செலவுக் கணக்கை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடாமல், சென்ற ஆண்டு உழைப்பின் கணக்கையும் வாசிப்பார்களானால், தோட்டத்து லயங்களிலிருந்து தொடங்கி நகரத்துத் தாமான்கள்வரை வந்திருக்கும் இந்தப் பெரும் பழக்கம், அடுத்த தலைமுறைக்குச் செவிவழிச் செய்தியாக மட்டுமின்றிச் சரித்திரமாகவும் போய்ச் சேரும்.