உலாவி மீளமைப்பு

உலாவி மீளமைப்பு என்பது, பழுதான நீட்சி ஒன்றாலோ பயனர் அறியாமல் நுழைந்த மென்பொருளாலோ மாற்றப்பட்ட இணைய உலாவியின் அமைப்புகளை இயல்பிருப்பு நிலைக்குத் திருப்பும் செயல் ஆகும். உலாவியின் செயற்பாட்டை விரிவாக்குவதற்காக அதனுடன் இணைக்கப்படும் சிறு நிரலே நீட்சி எனப்படுகிறது. புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், உலாவல் வரலாறு ஆகியவற்றை இழக்காமலேயே மீளமைக்கும் வசதி இன்றைய பெரும்பாலான கணினி உலாவிகளில் உள்ளது. எனினும் "தரவு அழியாது" என்னும் உறுதி ஒரு குறிப்பிட்ட பட்டியலுக்கு மட்டுமே பொருந்தும். அப்பட்டியல் உலாவிக்கு உலாவி வேறுபடுவதால், அதில் எவை இல்லை என்பதை அறியாமல் மீளமைத்தவர்களே பெரும்பாலும் தரவை இழக்கின்றனர்.

பின்னணி

2004 நவம்பரில் வெளியான ஃபயர்பாக்ஸ் 1.0, நீட்சிகளைப் பரவலாக்கிய உலாவிகளுள் முதன்மையானது. தமிழ்ப் பயனர்களுக்கு இவை வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. ஒருங்குறி முழுமையாகப் பரவாத அந்நாட்களில், தனி எழுத்துரு கொண்ட இந்திய மொழித் தளங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டிய பத்மா, வேறு மென்பொருள் நிறுவாமலேயே உலாவிக்குள் தமிழ் தட்டச்சிட உதவிய தமிழ்விசை போன்ற நீட்சிகள் பலருக்கு அன்றாடத் தேவையாக இருந்தன. குரோம் உலாவி 2008 இல் வெளிவந்தது. அதன் நிலையான பதிப்பு 2010 முதல் நீட்சிகளை ஏற்றது.

நீட்சி பழுதாவதற்கு நிரற்பிழை மட்டும் காரணமன்று. இந்தியத் தொழில்நுட்ப வலைப்பதிவர் அமித் அகர்வால், 30,000 பேருக்கு மேல் பயன்படுத்திய தமது குரோம் நீட்சி ஒன்றை, நான்கு இலக்க டாலர் தொகைக்கு முன்பின் அறியாத ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் அடுத்த இற்றைப்படுத்தலில் விளம்பர நிரலைச் சேர்த்துவிட்டார். இதை 2014 சனவரியில் அகர்வாலே வெளிப்படையாக எழுதி வருந்தினார். நீட்சிகள் தாமாகவே இற்றைப்படுத்தப்படுவதால், நேற்றுவரை நன்றாக இயங்கிய ஒன்று பயனர் எதையும் நிறுவாமலேயே இன்று கேடு விளைவிக்கக்கூடும். அந்த நீட்சியைப் பின்னர் கூகுள் தன் அங்காடியிலிருந்து நீக்கியது.

தரவு இருக்கும் இடம்

உலாவியின் நிரல் ஓரிடத்திலும் பயனரின் தரவு வேறோர் இடத்திலும் சேமிக்கப்படுகின்றன. தரவு உள்ள கோப்புறை பயனர் விவரத்தொகுப்பு (புரொஃபைல்) எனப்படும். உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் பரவலான நம்பிக்கை இதனாலேயே பொய்க்கிறது. புதிதாக நிறுவிய ஃபயர்பாக்ஸ் பழைய விவரத்தொகுப்பையே மீண்டும் எடுத்துக்கொள்ளும். பழுதான நீட்சியும் அதனுடன் திரும்பி வரும். குரோமை நீக்கும்போதோ, உலாவல் தரவையும் அழிக்கவா என்று கேட்கும் ஒரு தேர்வுப்பெட்டி தோன்றும். அதில் குறியிட்டால் சிக்கலுடன் தரவும் போய்விடும்.

விண்டோசில் ஃபயர்பாக்சின் விவரத்தொகுப்பு, பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் ரோமிங், மொசில்லா, ஃபயர்பாக்ஸ், புரொஃபைல்ஸ் என்னும் வரிசையில் அமைந்துள்ளது. இடம் தேட விரும்பாதவர்கள் உதவிப் பட்டியலில் உள்ள சிக்கல்தீர்ப்புத் தகவல் பக்கத்திலிருந்தே அதைத் திறக்கலாம். புத்தகக்குறிகளும் வரலாறும் 'பிளேசஸ்' என்னும் தரவுத்தளக் கோப்பில் ஒன்றாக உள்ளன. இந்த முறை 2008 இல் ஃபயர்பாக்ஸ் 3 உடன் வந்தது. கடவுச்சொற்கள் 'லாகின்ஸ்' கோப்பிலும், அவற்றைத் திறக்கும் குறியீட்டுச் சாவி 'கீ4' கோப்பிலும் உள்ளன. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் படியெடுத்து வைப்பதால் பயனில்லை. சாவியின்றிக் கடவுச்சொற்களைப் படிக்க இயலாது.

மீளமைப்புக்கு முன்

மீளமைப்பு கடைசி வழியாகும். முதலில் செய்யத்தக்கது, நீட்சிகள் இன்றி உலாவியைத் தற்காலிகமாகத் திறந்து பார்ப்பதே. ஃபயர்பாக்சில் இது முன்பு பாதுகாப்பு நிலை எனப்பட்டது. 2021 முதல் சிக்கல்தீர்ப்பு நிலை எனப்படுகிறது. விண்டோசில் ஷிப்ட் விசையை அழுத்தியவாறு உலாவியைத் தொடங்கினால் இந்நிலைக்குரிய சாளரம் தோன்றும். இங்கு ஒரு கண்ணி உண்டு: திறப்பதற்கான பொத்தானும் முழுமையாகப் புதுப்பிப்பதற்கான பொத்தானும் அதே சாளரத்தில் அருகருகே அமைந்துள்ளன. சோதித்துப் பார்க்க வந்தவர் அவசரத்தில் மீளமைத்துவிடக்கூடும்.

இந்நிலையில் சிக்கல் மறைந்தால், காரணம் பெரும்பாலும் நீட்சிகளுள் ஒன்றேயாம். அதைக் கண்டறிய நீட்சிகளில் பாதியை முடக்கிப் பார்ப்பதும், சிக்கல் எந்தப் பாதியில் உள்ளதோ அதை மீண்டும் பாதியாகப் பிரிப்பதும் விரைவான முறையாகும். 16 நீட்சிகள் இருப்பினும் குற்றவாளி ஒன்றே என்றால் நான்கு சோதனைகளில் பிடிபடும்.

முடக்குதலும் நீக்குதலும் ஒன்றல்ல. முடக்கப்பட்ட நீட்சி தன் தரவை வைத்திருக்கும். நீக்கப்பட்ட நீட்சியின் தரவு அதனுடன் அழியும். குறிப்பெடுக்கும் நீட்சியில் எழுதியவை, விளம்பரத் தடுப்பியில் சேர்த்த விதிகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. யுபிளாக் ஆரிஜின் போன்ற சில நீட்சிகள் தம் அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்க இடமளிக்கின்றன.

முழுமையான காப்பு, விவரத்தொகுப்புக் கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் படியெடுப்பதுதான். உலாவி முற்றாக மூடப்பட்ட பின்னரே இதைச் செய்ய வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த படியில் தரவுத்தளக் கோப்புகள் அரைகுறையாக இருக்கக்கூடும். ஒத்திசைவு வசதி காப்புக்கு ஈடாகாது. ஒரு கணினியில் அழிந்த புத்தகக்குறி, ஒத்திசைவின் வழியே மற்றக் கணினியிலும் அழிந்துவிடும்.

உலாவிகளுக்கிடையே வேறுபாடு

ஃபயர்பாக்சில் மீளமைப்பு வசதி 2012 இல் 13 ஆம் பதிப்புடன் வந்தது. பின்னர் இதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் மாற்றப்பட்டது. இது பழைய விவரத்தொகுப்பைத் திருத்துவதில்லை. புதிய ஒன்றை உருவாக்கித் தேர்ந்தெடுத்த பொருள்களை மட்டும் அதற்கு மாற்றுகிறது. பழைய வீட்டைப் பழுதுபார்க்காமல் புதுவீட்டிற்குக் குடிபோவதற்கு இதனை ஒப்பிடலாம். புத்தகக்குறிகள், வரலாறு, கடவுச்சொற்கள், நினைவிகள் (குக்கிகள்), படிவங்களில் நிரப்பிய விவரங்கள், பயனரின் சொந்தச் சொற்பட்டியல் ஆகியவை உடன் செல்லும். நீட்சிகளும் அவற்றின் தரவும், தோற்றக்கருக்கள், தளங்களுக்கு வழங்கிய அனுமதிகள், சேர்த்த தேடுபொறிகள், இணையதளங்கள் உலாவிக்குள் சேமித்த உள்ளகத் தரவு, பயனர் மாற்றிய அமைப்புகள் ஆகியவை செல்லா.

இப்பட்டியல் தமிழ்ப் பயனரைச் சற்றுத் தனியாகப் பாதிக்கிறது. எழுத்துப்பிழை திருத்திக்குக் கற்றுக்கொடுத்த தமிழ்ச் சொற்கள் தப்பிவிடும். தமிழுக்கெனத் தேர்ந்த எழுத்துரு, எழுத்தளவு ஆகிய அமைப்புகள் தப்பா. இணையவழித் திருத்தி ஒன்றில் எழுதி, வழங்கிக்கு அனுப்பப்படாமல் உலாவிக்குள்ளேயே இருக்கும் வரைவுக் கட்டுரையும் உள்ளகத் தரவோடு விடுபட்டுப்போகும்.

குரோமில் 2013 முதல் மீளமைப்பு வசதி உள்ளது. இது ஏறத்தாழ எதிர்மாறானது. நீட்சிகள் நீக்கப்படுவதில்லை, முடக்கப்படுகின்றன. நினைவிகளோ அழிக்கப்படுகின்றன. எனவே மீளமைத்த பின் எல்லாத் தளங்களிலும் மறுபடி புகுபதிகை செய்ய நேரும். புத்தகக்குறிகள், வரலாறு, சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவை தொடப்படுவதில்லை. கடவுச்சொல் எங்கும் சேமிக்கப்படாமல், நினைவியின் தயவில் மட்டும் நுழைந்துவந்த கணக்குகளே இங்கு இடருக்குள்ளாகும். குரோமின் அதே அடித்தளத்தில் 2020 இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் எட்சும் இவ்வாறே நடந்துகொள்கிறது.

2022 சூனில் ஆதரவு முடிவுற்ற இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 2006 இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. பிற்பட்ட பதிப்புகளில் 'தனிப்பட்ட அமைப்புகளை அழி' என்னும் தேர்வுப்பெட்டியில் குறியிட்டவர்களின் கடவுச்சொற்களும் அழிந்தன. சஃபாரியில் முற்காலத்தில் இருந்த மீளமைப்புக் கட்டளை, வரலாற்றையும் நினைவிகளையும் அழிப்பதற்கே ஏற்பட்டது. பெயர் ஒன்றாயினும் செயல் நேர்மாறானது. கைப்பேசிகளிலும் எச்சரிக்கை தேவை. ஆண்டிராய்டின் செயலி அமைப்புகளில் உள்ள 'தரவை அழி' என்னும் கட்டளை மீளமைப்பு அன்று. ஒத்திசைக்கப்படாத அனைத்தையும் அது துடைத்துவிடும்.

2019 மே நிகழ்வு

ஃபயர்பாக்ஸ் 2016 முதல், மொசில்லாவின் எண்ணிமக் கையொப்பம் இல்லாத நீட்சிகளை வழக்கமான பதிப்புகளில் ஏற்பதில்லை. இக்கையொப்பங்களுக்கு அடிப்படையான இடைநிலைச் சான்றிதழ் ஒன்று 2019 மே 4 அன்று, இந்திய நேரப்படி காலையில், புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் பயனர்களின் நீட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. உலாவி 24 மணி நேரத்திற்கு ஒருமுறையே கையொப்பங்களைச் சரிபார்ப்பதால், சிலருக்கு உடனேயும் சிலருக்குப் பல மணி நேரம் கழித்தும் இது நேர்ந்தது.

நீட்சிகளில் பிழை ஏதும் இல்லை. பயனரின் அமைப்புகளிலும் இல்லை. ஆயினும் பழகிய வைத்தியமாகப் பலர் நீட்சிகளை நீக்கி மறுபடி நிறுவ முற்பட்டனர். மறுபடி நிறுவ இயலவில்லை. நீக்கியவற்றின் தரவோ போய்விட்டது. நீட்சிகளை நீக்க வேண்டாம் என்று மொசில்லா அறிவித்தது. மறுநாள் திருத்தப்பட்ட 66.0.4 பதிப்பு வெளியானதும், காத்திருந்தவர்களுள் பெரும்பாலோரின் நீட்சிகள் தரவுடன் மீண்டன. பல கணக்குகளைத் தனித்தனிக் கொள்கலன்களாகப் பிரித்து வைக்கும் நீட்சியைப் பயன்படுத்தியோர் சிலர் மட்டும், எதையும் நீக்காமலேயே தம் அமைப்புகளை இழந்தனர்.

இதற்கு முன்னரும் 2017 நவம்பரில் 57 ஆம் பதிப்பு வந்தபோது, பழைய தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தும் செயலிழந்தன. 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. 128 ஆம் பதிப்புக்கும், நீட்டித்த ஆதரவுடைய 115.13 க்கும் முந்திய பதிப்புகளில் நீட்சிகள் முடங்கினால் அதுவே காரணமாக இருக்கலாம். அத்தகைய கணினிகளில் உலாவியை இற்றைப்படுத்துவதே தீர்வு, மீளமைப்பு உதவாது.

மீளமைப்புக்கு எட்டாதவை

சில தீநிரல்கள் உலாவிக்கு வெளியே தங்குகின்றன. திரைமுகப்பில் உள்ள குறுக்குவழியின் இலக்கு முகவரியோடு விளம்பரத் தளமொன்றின் முகவரியை ஒட்டிவிடுவது ஒரு வகை. எத்தனை முறை மீளமைத்தாலும் உலாவி அத்தளத்திலேயே திறக்கும். குறுக்குவழியை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் போதும். மற்றொரு வகை, நிறுவனங்களுக்கென அமைந்த நிருவாகக் கொள்கை வசதியைப் பயன்படுத்தி நீட்சியைத் திணிப்பது. வீட்டுக் கணினியில் "உங்கள் நிறுவனத்தால் நிருவகிக்கப்படுகிறது" என்னும் வரி தோன்றினால் இதனை ஐயுறலாம். ஆனால் சில நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களாலும் அவ்வரி தோன்றுவதுண்டு.

மீளமைப்புக்குப் பின்

ஃபயர்பாக்ஸ் புதுப்பித்தலுக்குப் பின், பழைய விவரத்தொகுப்பு 'பழைய ஃபயர்பாக்ஸ் தரவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய கோப்புறையாகத் திரைமுகப்பில் வைக்கப்படும். விடுபட்டவற்றை அதிலிருந்து ஒவ்வொன்றாக மீட்கலாம். முழுக்கோப்புறையையும் திரும்ப இட்டால் பழுதும் திரும்பிவிடும். புத்தகக்குறிகளின் அன்றாடக் காப்புப் படிகள் வழக்கமாக 15 வரை அதன் உட்கோப்புறை ஒன்றில் இருக்கும். லாகின்ஸ், கீ4 ஆகிய இரு கோப்புகளும் அதே கோப்புறையில் உள்ளன. முதன்மைக் கடவுச்சொல் அமைக்கப்படாதபோது, அவற்றைப் படியெடுக்கும் எவரும் அனைத்துக் கடவுச்சொற்களையும் படித்துவிடலாம். பலர் பயன்படுத்தும் பள்ளி, இணைய மையக் கணினிகளில் தேவையானவற்றை மீட்டதும் இக்கோப்புறையை அழித்து, மீட்புத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.