அடைப்பத்துக்குள் இருந்த ஆபரேஷன் கத்தி

ஒரு சவரக்கத்தியோட கதை சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க மக்களே.

தென்காசியில என்கிட்ட பிரஷருக்குக் காட்ட வர்ற பெரியவர் ஒருத்தர், முடிதிருத்தும் தொழில் செஞ்சவர். போன குற்றால சீசன்ல அவங்க அப்பாவோட மடக்குக் கத்தியைக் கொண்டு வந்தார். சாரல் காத்து ஈரத்துல முழுக்கத் துரு. பழைய கத்திகள் மேல எனக்கு ஒரு கிறுக்கு உண்டுன்னு அவருக்குத் தெரியும்.

"சாணைக்காரன்ட்ட மட்டும் குடுத்துராதிய சார். சூடு பட்டா கத்தி செத்துரும்."

நூத்துக்கு நூறு உண்மை. இது கார்பன் எஃகு. மிஷின்ல தேய்க்கும்போது சூடு 200 டிகிரியைத் தாண்டினா கடினம் குறைய ஆரம்பிக்கும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

அதனால எல்லாமே கையாலதான். மண்ணெண்ணெய்ல ஊறவச்சு, மெல்லிய உப்புத்தாளால துருவை எடுத்தேன். அப்புறம் தண்ணி விட்ட சாணைக்கல். கத்தியோட முதுகும் கூர் விளிம்பும் ரெண்டுமே கல்லுல படியணும். அப்பத்தான் கோணம் மாறாது. அழுத்தவே கூடாது. (நான் அழுத்தினேன். முதல் வாரம் வீண்.) கடைசியா தோல்வார். அதுல மட்டும் விளிம்பு பின்னாடி வர்ற மாதிரி இழுக்கணும், இல்லன்னா தோலே அறுந்துரும்.

துரு போனதும் அடியில 'ஷெஃபீல்டு'ன்னு எழுத்து தெரிஞ்சது.

அந்த இங்கிலாந்துல 1540-ல எட்டாம் ஹென்றி காலத்துல நாவிதரையும் அறுவை மருத்துவரையும் ஒரே சங்கமா சேர்த்தாங்க. 1745-ல பிரிஞ்சாங்க. லண்டன்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒரு கத்தி செய்றவர், இந்தியாவுல இருந்து போன வூட்ஸ் உருக்குதான் ஒசத்தின்னு சொல்லி, அதுல சவரக்கத்தியும் ஆபரேஷன் கருவியும் செஞ்சு வித்தார். பின்னாடி மைக்கேல் ஃபாரடேயோட சேர்ந்து அந்த உருக்கை ஆராய்ச்சியும் பண்ணினார். நம்ம கொடுமணல்லயும் மேல்சிறுவலூர்லயும் அந்த மாதிரி உருக்கு செஞ்ச தடயம் கிடைச்சிருக்கு.

சரி, இங்க என்ன நடந்துச்சு?

பெரியவர்கிட்ட கேட்டேன். "இதே கத்திலதான் எங்கய்யா கட்டி கீறி சீழ் எடுப்பாரு. எங்கம்மை மருத்துவச்சி. இந்தத் தெருவுல பாதிப் பேரு அவ கையில பொறந்தவங்கதான்." இதையேதான் 1909-ல வெளியான எட்கர் தர்ஸ்டனோட நூலும் சொல்லுது: ஆண்கள் வைத்தியமும் அறுவையும், பெண்கள் பிரசவமும் பாத்தாங்கன்னு.

1835-ல மெட்ராஸ்ல மருத்துவப் பள்ளி வந்துச்சு. இங்கிலாந்துல பிரிஞ்ச அறுவை மருத்துவர்கள் கல்லூரி, பட்டம்னு மேல போனாங்க. இங்க வைத்தியம் கைவிட்டுப் போச்சு. சவரமும் சாதி இழிவும் மட்டும் அவங்களுக்கு மிச்சம். தமிழ்நாட்டு அரசோட சாதிப் பட்டியல்ல இன்னைக்கும் அவங்க பேரு 'மருத்துவர்'. என் க்ளினிக் போர்டுல நான் பெருமையா எழுதிவச்சிருக்கிற அதே சொல்லு.

இந்தக் கத்தி கடையை விட்டுப் போனதுக்கு ஒரு காரணம் நோய்ப் பயம். 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவோட முதல் எச்.ஐ.வி தொற்றைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் ஆளுக்கொரு புது பிளேடுன்னு கேக்க மக்கள் பழகினாங்க. உண்மையில பெரிய ஆபத்து ஹெபடைட்டிஸ் பி. காஞ்ச ரத்தத்துல அந்த வைரஸ் ஏழு நாளாவது உயிரோட இருக்கும். துரு அரிச்ச குழியிலயும் கைப்பிடி இடுக்கிலயும் ரத்தம் தங்கும். அதனால பழைய கத்தியைச் சரிபண்ணினா உங்களுக்கு மட்டும் வச்சுக்கோங்க, அடுத்தவங்க முகத்துல வேண்டாம்.

போன வாரம் கத்தியைத் திருப்பிக் குடுத்தேன். உள்ளங்கையில நாலு தரம் சர் சர்னு தீட்டி, தன் முழங்கை முடியில ஒரு இழு இழுத்துப் பாத்தார். "நுனியில இன்னும் கொஞ்சம் கல்லு கேக்கு சார்"னார்.

எண்ணெய் தடவி, துணியில சுத்தி, அடைப்பத்துக்குள்ள வச்சார். அப்புறம் சட்டைக் கையை மேல ஏத்திக்கிட்டு, "பிரஷரைப் பாருங்க"ன்னு கையை நீட்டினார்.